ஆற்றில் கரைத்த புளி எங்கே போகிறது?

வீணாகப் போன முயற்சியை 'ஆற்றில் கரைத்த புளி' என்கிறோம். இன்னும் பெரிய வீண் என்றால் 'கடலில் கரைத்த பெருங்காயம்'. இரண்டு சொலவடையும் ஒரே நம்பிக்கையில் நிற்பவை: பெரிய தண்ணீரில் விழுந்த சின்னப் பொருள் இல்லாமலே போய்விடும். புளிக்கும் பெருங்காயத்துக்கும் அது பொருந்தும். நுண்ணுயிர்கள் இரண்டையும் தின்று தீர்த்துவிடும். ஆனால் வயலில் மிஞ்சிய உரம், வீட்டுச் சாக்கடை, பூச்சிமருந்து, பாதரசம் எல்லாவற்றையும் நாம் அதே புளிக்கணக்கில் எழுதிவிடுகிறோம். "அவ்வளவு பெரிய ஆறு, ஓடுற தண்ணி, எல்லாம் கரைஞ்சு போயிடும்" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்போம்!

இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. ஏரி பச்சையானால் "கெமிக்கலைக் கலந்துட்டாங்க". மீன் செத்து மிதந்தால் "யாரோ மருந்து வெச்சுட்டாங்க". சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். பல நேரம் நடந்தது வேறு.

இரண்டு பேச்சுக்கும் குறை ஒன்றுதான். ஒரு பொருள் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறோம். அது அடுத்து எங்கே போகிறது, யார் உடம்பில் ஏறுகிறது, எங்கே போய் உட்காருகிறது என்று கேட்பதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். வேதியியல் தெரிந்திருக்க வேண்டாம். சமையலறைப் பழக்கம் இருந்தால் போதும்.

மூன்று டம்ளர்

மூன்று கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பு. இரண்டாவதில் ஒரு ஸ்பூன் செம்மண். மூன்றாவதில் கொஞ்சம் மஞ்சள்தூள், அதன்மேல் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய். மூன்றையும் நன்றாகக் கலக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள்.

உப்பு கண்ணுக்குத் தெரியாது. மேலே எடுத்துக் குடித்தாலும் கீழே எடுத்துக் குடித்தாலும் அதே கரிப்பு. செம்மண் பெரும்பாலும் அடியில் படிந்திருக்கும். மஞ்சளில் ஒரு பகுதி கீழே இறங்கியிருந்தாலும், மேலே மிதக்கும் எண்ணெய் மஞ்சளாகிவிட்டிருக்கும். மஞ்சளின் நிறத்துக்குத் தண்ணீர் அவ்வளவாகப் பிடிக்காது, எண்ணெய்தான் பிடிக்கும். சாம்பார் ஊற்றிவைத்த பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை முறை தேய்த்தாலும் அந்த மஞ்சள் கறை போகாதது இதனால்தான்.

ஆற்றிலும் ஏரியிலும் விழும் பொருள்களை ஏறக்குறைய இந்த மூன்று டம்ளர்களில் அடக்கிவிடலாம். உரத்திலிருந்து வரும் நைட்ரேட் உப்பு மாதிரி. தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கும் வரும். பாஸ்பேட்டும் ஈயம் போன்ற பல உலோகங்களும் செம்மண் கட்சி. களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு, வெள்ளம் வந்தால் கிளம்பி, வேகம் குறைந்த இடத்தில் படியும். பழைய பூச்சிமருந்துகள் பலவும் மஞ்சள் கட்சி. அவை தேடுவது கொழுப்பை. தண்ணீருக்குள் கொழுப்பு எங்கே இருக்கிறது? உயிர்களின் உடம்பில்.

இதிலிருந்து ஒரு விஷயம் உடனே புரியும். ஏரியின் நடுவே ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துச் சோதித்தால் முதல் கட்சி சிக்கும். மற்ற இரண்டும் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஒன்று சேற்றில் இருக்கிறது, இன்னொன்று மீனில் இருக்கிறது. "தண்ணீரில் ஒன்றும் இல்லை" என்ற ரிப்போர்ட்டும் "ஏரியில் ஒன்றும் இல்லை" என்ற ரிப்போர்ட்டும் வேறு வேறு.

சத்து என்பது விஷம் இல்லை

நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் மாசு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். அவை ஊட்டச்சத்துகள். ஊட்டச்சத்து என்றால், ஒரு உயிர் தன் உடம்பைக் கட்டிக்கொள்ளத் தேவையான பொருள். அவை இல்லாத குளத்தில் பாசி இல்லை, பாசி இல்லாவிட்டால் மீனும் இல்லை.

சத்து நீரில் போகும் விதம் டவுன் பஸ்ஸில் ஆள் போகும் விதம்தான். ஒரு பாஸ்பரஸ் அணு பாசிக்குள் ஏறும். பாசியைத் தண்ணீர்ப்பூச்சி தின்னும். பூச்சி கழித்ததும் அணு இறங்கும், இன்னொரு பாசியில் ஏறும். ஏரியில் இது ஒரே இடத்தில் சுற்றும் வட்டம். ஆற்றில் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஓட்டம் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய்விடுவதால், வட்டம் சுருளாக நீள்கிறது. ஆகவே மேலே கொட்டிய சத்து நேராகக் கடலுக்குப் போய்விடுவதில்லை. வழி நெடுக ஏறி இறங்கி, அங்கங்கே வேலை பார்த்துவிட்டுத்தான் போகிறது.

பாசி எவ்வளவு வளரும்? இட்லி மாவுக் கணக்கு உதவும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. வீட்டில் ஒரு மூட்டை அரிசி இருந்தாலும், உளுந்து ஒரு டம்ளர்தான் இருக்கிறது என்றால் அந்த ஒரு டம்ளருக்கு உண்டான மாவுதான் ஆட்ட முடியும். பாசிக்கும் இப்படி ஒரு அளவு உண்டு. ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கடலியலாளர் 1934-ல் கவனிக்கத் தொடங்கிய கணக்கு அது. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடலில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சராசரியாக 16 நைட்ரஜன் அணுக்கள், 106 கார்பன் அணுக்கள் இருக்கின்றன. இந்த விகிதத்தில் எது முதலில் தீர்கிறதோ, அதுதான் வளர்ச்சியை நிறுத்தும். அதைக் கட்டுப்படுத்தும் சத்து என்பார்கள். ஏரிகளில் அது பெரும்பாலும் பாஸ்பரஸ். கடலில் பல இடங்களில் நைட்ரஜன்.

இதை ஒரு முழு ஏரியை வைத்தே காட்டினார்கள். கனடாவில் ஒன்டாரியோவின் வடமேற்கில், 1968 முதல் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட சின்னச் சின்ன ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குப் பெயர்கூடக் கிடையாது, '226-ஆம் ஏரி', அவ்வளவுதான். உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கிய ஏரி. 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் தலைமையிலான குழு அந்த இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும். கொஞ்ச நாளில் பாஸ்பரஸ் போட்ட பக்கம் பச்சைக் குழம்பாகிவிட்டது, மற்றது இருண்ட தெளிவோடு அப்படியே கிடந்தது. சோப்புத்தூளில் இருந்த பாஸ்பேட் காரணம் இல்லை, கார்பன்தான் காரணம் என்று உற்பத்தியாளர் தரப்பு வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. வானிலிருந்து எடுத்த ஒரு போட்டோ அந்த வாதத்தை முடித்துவைத்தது. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் கறுப்பு, நடுவில் ஒரு கோடு. அதற்குமேல் எந்த வரைபடமும் தேவைப்படவில்லை.

இதுவரை பார்த்தது: சில பொருள் தண்ணீரோடு போகும், சில மண்ணோடு படியும், சில கொழுப்பில் ஏறும். சத்து தீர்ந்துபோவதில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. எது குறைவாக இருக்கிறதோ அதைக் கொட்டினால்தான் பாசி வெடித்துப் பெருகும்.

மீன் ஏன் விடியற்காலையில் சாகிறது?

எங்கள் ஊர் ஏரியில் ஒரு வைகாசி மாதம். தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றி, பட்டாணி அரைத்து ஊற்றிய நிறத்தில் இருந்தது. முந்தின இரண்டு நாள் மேகமூட்டம், வெயிலே இல்லை. ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போனால் கரை முழுக்க வெள்ளை வயிறுகள். கட்லா, ரோகு, கெண்டை. மீன் குத்தகை எடுத்தவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சுற்றி நின்றவர்கள் யார் மருந்து வைத்திருப்பார்கள் என்று பேர் பேராகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் செத்த மீன்களைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு விரால்கூட இல்லையேப்பா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் விடை இருந்தது. விரால் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கி மூச்சுவிடும் மீன். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அந்த வசதி கிடையாது. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை நம்பித்தான் பிழைப்பு. விஷம் என்றால் விராலும் செத்திருக்கும். செத்தது மூச்சுத்திணறி.

தண்ணீருக்குள் ஆக்சிஜன் எப்போதுமே பற்றாக்குறைச் சரக்கு. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொள்வது ஏழரை மில்லிகிராம்தான். பகலில் பாசி வெயிலை வைத்து உணவு சமைத்து ஆக்சிஜனை வெளியிடும். ராத்திரி அடுப்பு அணைந்துவிடும், ஆனால் பாசியும் மூச்சுவிட்டாக வேண்டும். இரவு முழுக்க லட்சக்கணக்கான கோடிப் பாசிகளும் சேர்ந்து எடுத்துக்கொள்ள, இருப்பு மிகக் குறையும் நேரம் விடியலுக்குச் சற்று முன். அதனால்தான் இறால் பண்ணைகளில் ராத்திரியில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடும் சத்தம் கேட்கிறது.

இதோடு நிற்பதில்லை. செத்த பாசி கீழே போகும். அதை அழுக வைக்கும் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்னும். சத்து அளவுக்கு மிஞ்சி, பாசி பெருகி, கடைசியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் இந்தத் தொடர் நிகழ்ச்சிக்கு மிகை உணவூட்டம் என்று பெயர். சாகடித்தது சத்து அல்ல, சத்தின் பின்விளைவு. 'அளவுக்கு மிஞ்சினால்' என்று நாம் சொல்வதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அளவை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். அமெரிக்காவின் நடுப்பகுதி வயல்களின் உரத்தையெல்லாம் மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஒவ்வொரு கோடையிலும் அங்கே கடலின் அடியில் ஆக்சிஜன் மிகவும் குறைந்த ஒரு பகுதி உருவாகிறது. 2017-ல் அது 22,700 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிந்தது. தமிழ்நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல்.

பாசியிலேயே விஷம் சுரப்பவையும் உண்டு. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் நீலப்பச்சைப்பாசி பெருகி, அதன் நஞ்சு டொலிடோ நகரத்தின் குடிநீரில் கலந்துவிட்டது. ஏறத்தாழ 4 லட்சம் பேரை மூன்று நாள் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே என்றார்கள். கொதிக்கவைக்கவும் கூடாது என்றார்கள். கொதித்தால் அந்த நஞ்சு அழியாது. தண்ணீர்தான் ஆவியாகும், மிச்சத்தில் நஞ்சின் அளவு கூடும். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

சேறு எழுதிவைக்கும் கடன்

சரி, சாக்கடையை நிறுத்திவிட்டோம். ஏரி தெளிந்துவிடுமா?

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் தெளிந்தது. 1963-க்கும் 1968-க்கும் இடையில் சாக்கடை நீரை முழுக்க வேறு பக்கம் திருப்பினார்கள். சில ஆண்டுகளிலேயே ஏரி பழைய தெளிவுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அது ஆழமான ஏரி, அடியில் ஆக்சிஜன் முழுக்கத் தீர்ந்திருக்கவில்லை. ஆழமில்லாத ஏரிகளில் பல ஆண்டுகள் காத்திருந்தும் பச்சை போகாத கதைகள் நிறைய. காரணம் சேறு.

சேற்றில் இரும்புத் துரு இருக்கும். பாஸ்பேட் அந்தத் துருவில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் இருக்கும்வரை துரு துருவாகவே இருக்கும், பாஸ்பேட்டும் அடங்கிக் கிடக்கும். ஆக்சிஜன் போய்விட்டால் துரு கரையத் தொடங்கும், பிடித்து வைத்திருந்த பாஸ்பேட்டைக் கைவிட்டுவிடும். அது மேலே வந்து பாசியை வளர்க்கும். பாசி அழுகி ஆக்சிஜனைக் குறைக்கும். அதனால் இன்னும் துரு கரையும். அசலைக் கட்டியபிறகும் வட்டி விடாத கடன் இது. முப்பது வருடம் விட்ட சாக்கடையை இன்று நிறுத்தினாலும், அந்த முப்பது வருடமும் அடியில் உட்கார்ந்திருக்கிறது.

நம் ஊரில் கோடையில் ஏரி வண்டலை வெட்டி மாட்டுவண்டியிலும் டிராக்டரிலும் வயலுக்கு அடிக்கும் பழக்கத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். மழையில் வயலிலிருந்து வழிந்துபோன சத்தைத் திரும்ப வயலுக்கே கொண்டுவருகிற வேலை அது. ஏரிக்கும் கடன் குறைகிறது. ஒரே நிபந்தனை, ஆலைக்கழிவு விழுந்த ஏரியாக இருக்கக்கூடாது. செம்மண் கட்சியில் பாஸ்பேட்டோடு உலோகங்களும் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? வண்டலோடு அவையும் வயலுக்கு வரும்.

தண்ணீர் போகாத திசையிலும் போகும்

எல்லாம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும் என்று நினைக்கத் தோன்றும். வேடந்தாங்கலுக்குப் போனால் அது உடையும். சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் மீனையும் நத்தையையும் தின்றுவிட்டு, பறவைகள் வேடந்தாங்கல் ஏரி மரங்களில் வந்து அடைகின்றன. எச்சம் ஏரியில் விழுகிறது. பல கிலோமீட்டர் சுற்றளவில் சிதறிக் கிடந்த சத்து, காற்றில் பறந்து ஒரே ஏரியில் குவிகிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்று ஊர்க்காரர்கள் உரம் பற்றிய பாடப்புத்தகம் வருவதற்கு முன்பே கண்டுகொண்டார்கள். பறவைகளைச் சுடக்கூடாது என்று போராடி, 1798-ல் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமைப் பட்டயமும் வாங்கினார்கள்.

உயிர்களின் உடம்பே வாகனம் என்பதுதான் இதில் உள்ள சேதி. அந்த வாகனம் சத்தை மட்டுமே ஏற்றும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

உண்டியலும் சுண்டக்குழம்பும்

இப்போது மஞ்சள் கட்சிக்கு வருவோம். இங்கே இரண்டு வெவ்வேறு விஷயங்களை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

முதலாவது உண்டியல். ஒரு குழந்தை தினமும் ஒரு ரூபாய் போடுகிறது, எடுப்பதில்லை. ஒரு ரூபாய் ஒன்றும் இல்லை; மூன்று வருடத்தில் ஆயிரம் தாண்டிவிடும். ஒரு மீன் தன் வாழ்நாளில் தண்ணீரிலிருந்தும் உணவிலிருந்தும் எடுக்கும் ஒரு பொருளை, வெளியேற்றும் வேகத்தைவிட வேகமாகச் சேர்த்துக்கொண்டே போனால் அதற்கு உயிரித் திரட்சி என்று பெயர். இது ஒரே உடம்புக்குள் நடப்பது. ஆகவே கிழட்டு மீனில் அதிகம், குஞ்சில் குறைவு.

இரண்டாவது சுண்டக்குழம்பு. நேற்றைய குழம்பைச் சுடவைத்து, இன்று மறுபடி சுடவைத்து, மூன்றாம் நாள் சுண்டச் சுண்டக் காய்ச்சினால் உப்பு ஏறிவிடும். யாரும் உப்பு போடவில்லை. தண்ணீர் போனது, உப்பு நின்றது. உணவுச்சங்கிலியிலும் இதுதான். ஒரு மீன் தன் எடையைப்போலப் பல மடங்கு பூச்சிகளைத் தின்கிறது. தின்றதில் பெரும்பகுதி மூச்சாகவும் அசைவாகவும் செலவாகிவிடும். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் உடம்பாகத் தங்கும். ஆனால் அந்தப் பூச்சிகளில் இருந்த நச்சு செலவாவதில்லை. பத்துப் பங்கு உணவில் இருந்தது ஒரு பங்கு உடம்பில் சுண்டுகிறது. அந்த மீனைப் பெரிய மீன் தின்றால் இன்னொரு தடவை சுண்டும். இப்படிப் படிக்குப் படி செறிவு ஏறுவதற்கு உயிரிய உருப்பெருக்கம் என்று பெயர்.

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே கிளியர் லேக் என்ற ஏரி. அங்கே ஒரு சின்ன ஈ. கடிக்காது, ஆனால் சாயங்காலம் விளக்குப் போட்டால் கூட்டங்கூட்டமாக வந்து மொய்க்கும். உல்லாசப் பயணிகளுக்குத் தொல்லை. அதை ஒழிக்க 1949, 1954, 1957 என்று மூன்று முறை ஏரியில் ஒரு மருந்தைக் கலந்தார்கள். டிடிடி என்று நாம் அறிந்த பூச்சிமருந்தின் நெருங்கிய உறவுக்காரப் பொருள் அது. (தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வருகிறது, அதனால் பெயரை விட்டுவிடுகிறேன்.) பின்னால் வந்த இரு தடவைகளில் கலந்த அளவு ஐந்து கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு மருந்து. இதற்குமேல் யாரால் ஜாக்கிரதையாக இருக்க முடியும்?

ஏரியில் மேற்கத்திய முக்குளிப்பான் பறவைகள் செத்து விழத் தொடங்கின. கடைசித் தடவை கலந்து கொஞ்ச நாளில் தண்ணீரைச் சோதித்தால் மருந்தின் தடயமே இல்லை. கரைந்து போய்விட்டது என்று கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் மிதக்கும் நுண்ணுயிர்களை எடுத்துப் பார்த்தபோது பத்து லட்சத்தில் 5 பங்கு. செத்த முக்குளிப்பானின் கொழுப்பில் பத்து லட்சத்தில் 1,600 பங்கு. கலந்த அளவோடு ஒப்பிட்டால் 80,000 மடங்கு. மருந்து ஏரியை விட்டுப் போகவில்லை. தண்ணீரை விட்டு உயிர்களுக்குள் குடிபோயிருந்தது. தண்ணீர் சுத்தமானதே அதனால்தான்.

மறுபடி ஒரு சுருக்கம்: உண்டியல் ஒரு உயிரின் வாழ்நாளில் நடப்பது, சுண்டக்குழம்பு ஒரு உயிரிலிருந்து அடுத்த உயிருக்குப் போகும்போது நடப்பது. எல்லா மாசும் இப்படிச் சுண்டாது. சீக்கிரம் சிதைவதும், சிறுநீரில் கழிவதும் சுண்டாது. சிதையாமல், உடம்பை விட்டுச் சுலபத்தில் வெளியேறாமல் இருப்பவைதான் சுண்டும்.

பாதரசம் எந்த டம்ளரிலும் அடங்காது

பாதரசம் தனிக்கதை. வெப்பமானியிலிருந்து உருண்டோடும் பாதரசத்தை விழுங்கினால் பெரும்பகுதி வந்த வழியே வெளியேறிவிடும். (அதன் ஆவியை மூச்சிழுப்பது ஆபத்து, அது வேறு விஷயம்.) ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள் அதே பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதாவது ஒரு கார்பன் துணுக்கை அதோடு கோத்துவிடுகின்றன. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் குடல் அதை ஏறக்குறைய முழுதாக உறிஞ்சிக்கொள்ளும். மூளைக்குள்ளும் போகும், தாயின் நஞ்சுக்கொடியையும் தாண்டும். சத்து மிஞ்சி ஆக்சிஜன் இழந்த சேற்றைப் பற்றிச் சற்று முன் பார்த்தோமே, அப்படிப்பட்ட சேறு இந்த நுண்ணுயிர்களுக்கு வசதியான வீடு. இரண்டு கதையும் அங்கே சந்திக்கின்றன. 1983 முதல் 2001 வரை வெப்பமானித் தொழிற்சாலை இயங்கிய கொடைக்கானலில், ஏரித் தண்ணீரோடு நிற்காமல் சேற்றையும் மீனையும் எடுத்துச் சோதித்தது இதனால்தான்.

மெத்தில் பாதரசமும் கொழுப்பில்தான் தங்கும் என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. அது தசையின் புரதத்தோடு கட்டிக்கொள்ளும். மீனின் கொழுப்பையும் தோலையும் நீக்கிவிட்டால் பூச்சிமருந்து கொஞ்சம் குறையலாம், பாதரசம் குறையாது. கறியே அதுதான்.

ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ ஆலை 1932 முதல் பாதரசத்தை வைத்து அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளைத் தயாரித்தது. அங்கே மெத்தில் பாதரசம் ஆலைக்குள்ளேயே உண்டாகி, கழிவோடு விரிகுடாவுக்குப் போனது. முதலில் பூனைகள். மீனவர் குடிசைகளில் மீன் தின்று வளர்ந்த பூனைகள் தள்ளாடி, சுழன்று ஆடிச் செத்தன. 1956 மே 1 அன்று மனிதர்களுக்கு வந்த அந்த நோய் முதன்முறையாக அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்பட்டது. நடை போனது, பேச்சு குழறியது, பார்வை சுருங்கியது.

இந்தக் கதையில் என்னை எப்போதும் உறுத்துவது 1958-ல் நடந்தது. விரிகுடாவில் கழிவு விடுவதற்குப் பதிலாக ஆலை தன் வாய்க்காலை மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்துக்கு மாற்றியது. விரிந்த கடல், பெரிய ஓட்டம். புளிக்கணக்கு அப்படியே. நடந்தது என்னவென்றால், அதுவரை நோய் இல்லாத கரையோர ஊர்களிலும் நோயாளிகள் முளைத்தார்கள். கரைக்கவில்லை, பரப்பினார்கள். பாதரசத்தை வைத்துத் தயாரிக்கும் முறையை ஆலை நிறுத்தியதும், அரசு காரணத்தை ஒப்புக்கொண்டதும் 1968-ல். அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட நோயாளிகள் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல்.

பிறகு விரிகுடாவின் சேற்றைத் தோண்டி, ஒரு பகுதியையே தூர்த்து 58 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். 1977-ல் தொடங்கிய அந்த வேலை 1990-ல்தான் முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் விரிகுடாவின் வாயில் வலை கட்டியிருந்தார்கள். தண்ணீரைத் தடுக்க அல்ல. உள்ளே இருக்கும் மீன் வெளியே போகாமல் தடுக்க. வலையை எடுத்தது 1997-ல்.

மீன்கடையில்

இதையெல்லாம் படித்துவிட்டு மீனே வேண்டாம் என்று போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தேவையற்ற பயம். கணக்கு தெரிந்தால் போதும்: என்ன தின்று வளர்ந்த மீன், எத்தனை வருடம் வளர்ந்த மீன். நெத்திலியும் மத்தியும் மிதவை உயிர்களைத் தின்று குறுகிய காலம் வாழ்பவை. குழம்பு இன்னும் சுண்டவில்லை. பெரிய சுறாவும் வாள்மீனும் மீனைத் தின்னும் மீனைத் தின்று பல வருடம் வாழ்பவை. கருவுற்றவர்களும் பாலூட்டுகிறவர்களும் சுறா, வாள்மீன் போன்றவற்றைத் தவிர்க்கும்படியும், நெத்திலி, மத்தி போன்றவற்றை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சாப்பிடும்படியும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது.

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து கொடுப்பது வழக்கம். பால்சுறா சின்ன இனம், பெருங்கடல் சுறாக்களோடு அதை ஒன்றாக வைக்க முடியாது. ஆனால் கடையில் சுறாத்துண்டு என்று விற்பதெல்லாம் பால்சுறா இல்லை. என் தங்கைக்குக் குழந்தை பிறந்த சமயம், வெட்டிவைத்த ஒரு துண்டைக் காட்டி, "இது முழுசா எவ்வளவு பெருசு வளரும்கா?" என்று மீன்காரம்மாவைக் கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைக்காமலே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் தம்பி, வளக்கப் போறியா?"

அன்றைக்கு நெத்திலி அரைக்கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.